மூன்று நாள் முகாமில் மனக்காயம் ஆறுமா?

இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டிருப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் 36 வயது வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன், இரவுப் பணி முடிந்து சக செவிலியரான தோழியுடன் அவர் காரில் வீடு திரும்புகையில் குறுக்கே வந்த லாரி மோதியது. தோழிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர் வலியில் கதறிக்கொண்டிருக்க, காரை ஓட்டிய வாசகி சீட் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல், ஒரு சொல்லும் பேசாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கால் மணி நேரம் அப்படியே இருந்தேன்" என்கிறார் இவர்; "இரண்டு மூன்று நிமிடத்தில் ஆட்கள் வந்து நம்மை வெளியே எடுத்துவிட்டார்களே" என்கிறார் தோழி. தோழி இன்று நன்றாக நடமாடுகிறார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் வாசகியால் இன்னும் முடியவில்லை.

அதன்பிறகு பிரேக் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப்போடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி உறக்கம் இல்லை. எழும்போது தாடை வலிக்கிறது. இடது இடுப்பில் ஓயாத வலி. ஆள் பற்றாக்குறையுள்ள பிரிவில் தொடர் இரவுப் பணிகளால் விபத்துக்கு முன்பே உடல் களைத்துப்போயிருந்தது என்கிறார். ஆலோசகர் ஒருவரிடம் சென்றபோது, இரண்டாவது அமர்விலேயே விபத்தை ஆதியோடந்தமாக விவரிக்கச் சொன்னார்கள். கைகள் சில்லிட்டு, தன் குரலே எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஆகிவிட, நான்கு அமர்வுகளோடு நிறுத்திவிட்டார். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த செர்ட்ராலின் மாத்திரை ஓராண்டாகத் தொடர்கிறது. அதனால் பாதித் தொல்லை குறைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். முடியாத இரவுகளில் சக ஊழியர் தரும், பதற்றம் தணிக்கும் அல்ப்ரஸோலம் மாத்திரையும் உண்டு. இந்த நிலையில், உடல்வழிச் சிகிச்சையாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஒருவர் மூன்று நாள் தங்கல் முகாமுக்கு வரச்சொல்கிறார். மனக்காயம் தசைகளில் தேங்கியிருக்கிறது, மூச்சாலும் நடுக்கத்தாலும் அதை வெளியேற்றிவிடலாம், மாத்திரை அதற்குத் தடை, இடுப்பு வலி மறந்துபோன குழந்தைப்பருவக் கொடுமை ஒன்றின் அடையாளம் என்பவை அவர் சொன்னவை. போகலாமா, மாத்திரையை நிறுத்தலாமா, அன்று நான் கோழையாக இருந்தேனா என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் நடுவில், பத்தோடு பதினொன்றாக, "சில இரவுகளில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றும்" என்று எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் மனநல மருத்துவரிடம் இந்த வாரமே, இதே சொற்களில், இதைச் சொல்லுங்கள். எண்ணம் திட்டமாக மாறினாலோ, கைக்கெட்டும் மருந்துகளைப் பற்றி நினைப்பு ஓடினாலோ, அந்த வாரத்துக்குக்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தனியாகச் செல்லாமல் கணவரையோ தோழியையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளின் அளவு தெரிந்த, அவை கையில் புழங்கும் பணியில் இருப்பவர் நீங்கள் என்பதால் இதில் சற்றுக் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

அன்று உறைந்துபோனது பற்றி

மூன்றாவதாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏனென்றால் மற்ற இரண்டும் இதிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். ஆபத்தில் உடல் போராடும் அல்லது ஓடும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உடலியலாளர் வால்டர் கேனன் 1915-லேயே விவரித்த எதிர்வினை அது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: போராடவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை என்ற நிலையில், நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளையின் ஆழ்பகுதிகள் உடலை அசைவற்றதாக்கி, குரலையும் அடைத்துவிடுகின்றன. 2017-இல் சுவீடனில் வெளியான ஆய்வொன்றில், பாலியல் வன்முறைக்குப் பின் அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களில் 70 விழுக்காட்டினர், நிகழ்வின்போது குறிப்பிடத்தக்க அளவு அசைவிழந்திருந்ததாகத் தெரிவித்தார்கள். உங்களுக்கு நேர்ந்தது வேறு வகை நிகழ்வுதான். ஆயினும் உடலின் இந்த எதிர்வினை அரிதானதோ வெட்கப்பட வேண்டியதோ இல்லை என்பதற்கு அந்த எண்ணிக்கை போதும்.

"முதலுதவியில் பயிற்சி பெற்றவளாயிற்றே" என்று உங்களையே குத்திக்கொள்கிறீர்கள். நீங்கள் பயிற்சி பெற்றது நோயாளியின் கட்டிலருகே நின்றபடி, கருவிகளோடும் சக ஊழியர்களோடும் செயல்படுவதற்கு. நசுங்கிய காருக்குள், பெல்ட்டால் இறுக்கப்பட்டு, நீங்களே அடிபட்டிருந்த நிலைக்கு யாரும் உங்களைத் தயார்செய்யவில்லை. நெற்றியில் வீக்கம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தலையில் பட்ட அடியே சில நிமிடங்கள் ஒருவரைத் திகைப்பில் ஆழ்த்திவிடும் என்பதை வேறொரு நோயாளியின் குறிப்பேட்டில் படித்திருந்தால் உடனே ஏற்றுக்கொண்டிருப்பீர்கள். கால் மணி நேரம் என்ற உங்கள் கணக்கைவிட, தோழியின் கணக்கையே நான் நம்புவேன். பேரச்சத்தில் நேரம் நீண்டுபோவதாகத் தோன்றுவது வழக்கம். அவரிடமே ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். அவர் எதற்காக உங்களைக் குற்றம்சாட்டுகிறார் என்று நீங்கள் இரண்டரை ஆண்டுகளாகக் கற்பனை செய்திருக்கிறீர்களே தவிர, அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

உடலில் தேங்கியிருக்கிறதா?

பாதி சரி, பாதி மிகை. தாடை இறுக்கம், தூக்கிவாரிப்போடுதல், விடிகாலை விழிப்பு எல்லாம் உடலில் நடப்பவைதான். யாரும் "வெறும் மனப்பிரமை" என்று சொல்லி உங்களை அனுப்பிவிடக் கூடாது. ஆனால் தசைநாரில் நினைவு எதுவும் பத்திரப்படுத்தி வைக்கப்படுவதில்லை. ஆபத்தைக் கண்காணிக்கும் அமிக்டலா உள்ளிட்ட மூளைப் பகுதிகளும் தன்னியக்க நரம்பு மண்டலமும் அந்த ஒரு காலைப்பொழுதில் கற்ற பாடத்தை இன்னும் கைவிடவில்லை. பிரேக் சத்தம் காதில் விழுந்ததும், அது தொலைக்காட்சியில் வந்ததா தெருவில் வந்ததா என்று நீங்கள் யோசிக்கும் முன்பே அட்ரினலின் சுரந்து, தோள் உயர்ந்து, தாடை கடித்துக்கொள்கிறது. கற்றது என்பதால் அதை மாற்றிக் கற்பிக்கவும் முடியும். ஈரத் துணியைப் பிழிவது போல் மூன்று நாளில் முறுக்கிப் பிழிந்து வெளியே எடுப்பதற்கு அங்கே பொருள் எதுவும் இல்லை.

உடலின் வழியே ஏன் அணுகலாம் என்பதற்கு நியாயமான உடலியல் காரணம் இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, உடல் உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. மூச்சின் வேகம், இதயத்துடிப்பு, குடலின் நிலை ஆகியவை மூளைக்கு ஓயாமல் அறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த அறிக்கையின் தொனி மாறினால் மூளையின் மதிப்பீடும் கொஞ்சம் மாறும். இதைச் சொல்லும்போது, பாதுகாப்புணர்வு, பதற்றம், உறைந்துபோதல் ஆகியவற்றை வேகஸ் நரம்பின் வெவ்வேறு கிளைகளோடு தொடர்புபடுத்தி ஸ்டீபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டையும் உங்களிடம் அந்தச் சிகிச்சையாளர் விளக்கியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அக்கோட்பாட்டின் பரிணாம, உடலியல் கூற்றுகள் பலவற்றை உடலியல் ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். கோட்பாடு தவறாக இருந்தாலும் அதையொட்டிச் செய்யும் பயிற்சி பயனளிக்கலாம். ஆனால் கோட்பாட்டை நிறுவப்பட்ட அறிவியலாகச் சொல்லிப் பயிற்சியை விற்பவரிடம் எனக்குச் சற்றுத் தயக்கம் வரும். மன அழுத்த ஹார்மோனான "கார்ட்டிசால் ஏறிவிட்டது" என்று அவர் உங்களிடம் சொன்னதும் அப்படித்தான். விபத்துக்குப் பிந்தைய மனக்காயத்தில் கார்ட்டிசால் எல்லோருக்கும் உயர்ந்திருப்பதில்லை. பலரிடம் இயல்பாகவும் சிலரிடம் குறைவாகவும் இருக்கும்.

எந்தச் சிகிச்சைக்கும் முன் தைராய்டு, இரத்தசோகை, இதயத்துடிப்பு ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். இவற்றின் கோளாறுகள் பதற்றமாகவும் உறக்கமின்மையாகவும் வேடமிட்டு வரும். இடுப்பை எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்க்க வேண்டும். விபத்துக்குப் பின் தொடங்கிய வலிக்கு விபத்திலேயே காரணம் தேடுவதுதான் முறை.

நல்ல உடல்வழிச் சிகிச்சை எப்படி நடக்கும்

பீட்டர் லெவின் உருவாக்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பேட் ஆக்டன் உருவாக்கிய சென்சரிமோட்டார் சைக்கோதெரபி ஆகிய இரண்டும் இத்துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். மனக்காயம் உள்ளவர்களுக்கென்று மாற்றியமைத்த யோகா வகுப்புகளும் உண்டு. பெயர்கள் எவையாயினும், நன்றாக நடக்கும் அமர்வு ஒன்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக இருக்கும். உங்களையே எடுத்துக்கொண்டால், பாதங்கள் தரையில் அழுந்துவதையும் முதுகு நாற்காலியில் சாய்ந்திருப்பதையும் கவனிப்பதில் தொடங்குவார்கள். மோதலை விவரிக்கச் சொல்ல மாட்டார்கள். அதற்குச் சற்று முந்தைய தருணத்தை, தோழி ஏதோ சொல்லிச் சிரித்ததைப் போன்ற ஒன்றை, சில நொடிகள் மட்டும் நினைவுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். தோள் மெல்ல உயர்வதைச் சிகிச்சையாளர் உங்களுக்கு முன்பே பார்த்துவிடுவார். விரல் நுனி சில்லிடத் தொடங்கியதும் பேச்சை அங்கேயே நிறுத்தி, அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்வார். விரலில் வெதுவெதுப்பு திரும்பும்வரை இருவரும் காத்திருப்பீர்கள். பிறகு மீண்டும் ஒரு சில நொடிகள். சில வாரங்கள் கழித்து, அன்று நடக்காமல்போன அசைவை மிக மெதுவாகச் செய்துபார்க்கச் சொல்லலாம்: வலக்கை இடுப்பருகே போவது, பெல்ட்டின் பொத்தானை அழுத்துவது, தோழியின் பக்கம் திரும்புவது. அதைச் செய்யும்போது சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்குப் பெருமூச்சு வரும், பலருக்கு ஒன்றும் ஆகாது. நடுங்கினால்தான் குணமாகும் என்று எந்த விதியும் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், முன்பு உங்கள் பேச்சுவழி ஆலோசனையில் விடுபட்டது இந்த வேகக் கட்டுப்பாடுதான். கைகள் சில்லிட்டுக் குரல் தொலைவில் கேட்டபோது நீங்கள் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டீர்கள். உடல் அன்று காரில் செய்ததையே நாற்காலியிலும் செய்தது. அதை வைத்து "எனக்குப் பேச்சுச் சிகிச்சை ஒத்துவராது" என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். அது வேகத்தின் பிழை. முறையின் பிழை என்று சொல்வதற்கு நான்கு அமர்வுகள் போதாது.

ஆய்வுகள் எந்த அளவுக்குத் துணைநிற்கின்றன

மனக்காய ஆய்வாளர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்கு எளிதில் இணங்காத நாட்பட்ட மனக்காயமுள்ள 64 பெண்கள் பங்கேற்றார்கள். பத்து வாரம், வாரம் ஒரு மணி நேர யோகா வகுப்பு. முடிவில் அளவிடப்பட்டவர்களில், யோகா குழுவின் 31 பேரில் 16 பேருக்கு மனக்காய நோய்க்கான (PTSD) வரையறை பொருந்தாமல்போனது. உடல்நலக் கல்வி பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 29 பேரில் 6 பேருக்கு மட்டும். சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் குறித்து 2017-இல் வந்த ஆய்வில் 63 பேர். 15 வார அமர்வுகளுக்குப் பின் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் ஒப்பிடப்பட்டவர்கள் வேறு சிகிச்சை பெற்றவர்கள் அல்லர், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள். எண்ணிக்கையும் சிறியது. ஊக்கம் தரும் முடிவுகள்தான்; அடித்துச் சொல்லும் அளவுக்கு வலுவானவை என்று கூற மாட்டேன். இரண்டிலுமே பல வாரங்களுக்குப் பரவிய அமர்வுகள் என்பதைக் கவனியுங்கள். மூன்று நாள் முகாம், இந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லிக்கொள்ள உரிமை இல்லாத வேறு சரக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு முன்னிறுத்துபவை, மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழி முறை) இ.எம்.டி.ஆர். சிகிச்சையும். முதலாவதற்கு வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள் என்று நைஸ் குறிப்பிடுகிறது. ஃபிரான்சின் ஷபீரோ 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய இ.எம்.டி.ஆரில், சிகிச்சையாளரின் விரலையோ ஒளிப்புள்ளியையோ கண்ணால் தொடர்ந்தபடி நினைவைச் சிறு சிறு துண்டுகளாக எதிர்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இடையே உடலில் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்பது அதன் வழக்கம். நடந்தது முழுவதையும் வாய்விட்டு விவரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பேச்சைக் கண்டு அஞ்சி, உடலை நம்பி வந்திருக்கும் உங்களுக்கு இது நடுவழியாக அமையக்கூடும். உங்கள் இடத்தில் என் உறவினர் ஒருவர் இருந்தால், முதலில் சில வாரங்கள் உடலை நிலைப்படுத்தும் பயிற்சி, அதன்பின் தகுதி பெற்றவரிடம் இ.எம்.டி.ஆர். என்ற வரிசையைத்தான் சொல்லியிருப்பேன். உடல்வழிச் சிகிச்சையாளரையே நாட விரும்பினாலும் தடையில்லை. வாரம் ஒருமுறை, உங்கள் மனநல மருத்துவருக்குத் தெரிந்து, நடக்கட்டும்.

அந்த முகாமும் அந்தத் தாளும்

முகாமுக்கு முன்னோட்டமாக அவர் நடத்திய மாதிரி வகுப்பில் அரை மணி நேரம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்ட பிறகு உதடு மரத்து, விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதை உங்கள் பிரிவில் ஒரு நோயாளியிடம் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, காரத்தன்மை ஏறி, கால்சியம் அயனிகள் குறைந்ததால் வந்த தசைப் பிடிப்பு என்றுதானே? எவரை உட்காரவைத்து அப்படி மூச்சுவிடச் செய்தாலும் இது நேரும். மனக்காயம் வெளியேறுவதற்கான சான்று அதில் ஒன்றும் இல்லை. இந்த வகை மூச்சுப் பயிற்சி, பதற்றத் தாக்குதல் உள்ளவர்களை நேராக அதற்குள் தள்ளிவிடலாம். வலிப்பு, இதய நோய், கருவுற்ற நிலை ஆகியவற்றில் தவிர்க்க வேண்டியது. வகுப்புக்கு முன் இவற்றைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கவில்லை என்பது எனக்கு முகாமைப் பற்றிய முதல் தகவல்.

இரண்டாவது தகவல், முகாமுக்காக உங்களிடம் கையெழுத்து வாங்கிய அந்த ஒப்புதல் தாள். பாதியில் வெளியேறக் கூடாது, கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும், தேவையென்று சிகிச்சையாளர் கருதும் இடங்களில் தொடுவார் என்று மூன்று வரிகளை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். முன்கூட்டிக் கையெழுத்திட்டதால் பிறகு மறுக்க முடியாது என்று நீங்கள் நினைப்பது தவறு. ஒப்புதல் என்பது ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியது; எந்தக் கணத்திலும் திரும்பப் பெறத்தக்கது; மறுத்ததற்காகச் சிகிச்சை தரக்குறைவாகக் கூடாது. தொடுதல் இல்லாமலே உடல்வழிச் சிகிச்சையை முழுமையாகச் செய்ய முடியும். தொடுவதானால் எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம் என்று முதலில் சொல்லி, ஆடைக்கு மேலாக, நீங்கள் "வேண்டாம்" என்றதும் கை எடுக்கப்பட வேண்டும். பாலியல் தன்மையுள்ள எந்தத் தொடுதலுக்கும் எந்தத் தொழில் நெறியிலும் இடமில்லை. அதைச் சிகிச்சை என்று ஒருவர் விளக்கினால் அவர்மீது புகார் செய்யலாம். சட்ட நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும் என்றாலும், உரிமம் பெற்ற தொழிலராக இருந்தால் அவருக்கு உரிமம் அளித்த அமைப்பு புகாரை விசாரிக்கும். உரிமம் ஏதும் தேவைப்படாத பெயர்ப்பலகையோடு ஒருவர் இயங்கினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே, அடிப்படைப் படிப்பு என்ன, உரிமம் எண் உண்டா, இந்த முறையில் எவ்வளவு காலம் பயின்றார், நள்ளிரவில் முகாமில் ஒருவர் நிலைகுலைந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை முன்பே கேட்டுவிட வேண்டும். நேர்மையானவர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ள மாட்டார்.

நகர முடியாமல், பேச முடியாமல், நடப்பதை நிறுத்த முடியாமல் இருந்ததுதான் உங்கள் மனக்காயத்தின் கரு. வெளியேற முடியாத அறையில், நிறுத்த முடியாத மூச்சில், மறுக்க முடியாத தொடுதலில் அதே நிலையை மீண்டும் உருவாக்கும் ஒன்றை என்னால் உங்களுக்குப் பரிந்துரைக்க முடியாது. குணமாவதற்கு முன் மோசமாகத்தான் செய்யும் என்று அவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. நல்ல சிகிச்சையிலும் அமர்வுக்குப் பின் ஓரிரு நாள் கனவுகள் கூடலாம், களைப்பு இருக்கலாம். மணிக்கணக்கில் மரத்துப்போவது, நேரம் போனதே தெரியாமல் விழிப்பது, பணியில் கவனம் சிதறுவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடுவது ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. அங்கே நிறுத்த வேண்டும்.

இடுப்பு வலி பற்றிச் சொன்னதும் இதே அளவு கவலைக்குரியது. உடலின் எந்த வலியும், எந்த இறுக்கமும், மறந்துபோன கொடுமைக்குச் சான்றாகாது. குழந்தைப்பருவத்தில் அப்படி ஏதும் நினைவில்லை, ஆனால் இப்போது சந்தேகம் வந்து அப்பாவிடம் இயல்பாகப் பேச முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கைக்குரிய ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, நடக்காததைக்கூட நினைவென்று நம்பத் தொடங்குவது மனித மனத்துக்கு இயல்பு. இதை நினைவாற்றல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. உண்மையில் துன்புறுத்தப்பட்ட எத்தனையோ பேர் நம்பப்படாமல் தவிக்கும் உலகில், ஒருவரின் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு இப்படி ஊகம் சொல்வது பொறுப்பற்ற செயல். அந்த ஊகத்தைத் துருவ வேண்டாம்.

மாத்திரைகள்

செர்ட்ராலின் மனக்காயத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று. அது உடலை மரக்கச்செய்து சிகிச்சையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை; தூக்கமும் திடுக்கிடலும் சற்று அடங்கியிருப்பதால்தான் பலரால் சிகிச்சையில் உட்காரவே முடிகிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற உணர்வு, உறக்கக் கேடு ஆகியவை வரலாம். அவற்றையும் "வெளியேற்றம்" என்று முகாமில் விளக்கிவிடுவார்கள் என்பது என் அச்சம். எப்போதாவது நிறுத்த விரும்பினால், எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி, படிப்படியாகக் குறையுங்கள்.

அல்ப்ரஸோலம் வேறு கதை. அந்த இரவை அது கடத்திவிடும். மனக்காயத்துக்கு அது மருந்தில்லை, பழக்கத்துக்கு உள்ளாக்கும், சிகிச்சையில் புதிதாகக் கற்பதையும் மந்தப்படுத்தலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிக்கடி எடுத்துவந்திருந்தால் அதையும் நீங்களாக ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது.

பணியும் வீடும்

விபத்துக்கு முன்பே களைத்திருந்தேன் என்ற வரியை நீங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஆள் குறைந்த பிரிவில் அடுத்தடுத்து இரவுப் பணி பார்க்கும் உடல், எச்சரிக்கை நிலையில் இருப்பது பொய்யான எச்சரிக்கை இல்லை. தாங்க முடியாத பணி அட்டவணையைத் தாங்குவதற்கான கருவியாக எந்தச் சிகிச்சையையும் பயன்படுத்திக்கொள்ளாதீர்கள். சிகிச்சை நடக்கும் மாதங்களில் இரவுப் பணியைக் குறைத்துத் தரும்படி, மருத்துவரின் கடிதத்தோடு எழுத்துமூலம் கேளுங்கள். நோயின் விவரம் முழுவதையும் மேலாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ காரணங்களுக்காக இன்ன மாற்றம் தேவை என்பது போதும்.

வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று சொல்கிறேன். கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை வெளிவிடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், ஆழமாக இழுக்கவும் வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சின்போது கீழ்த்தாடையைத் தொங்கவிடுங்கள், பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டாம். மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பயத்தைக் கிளப்பும். உங்களுக்கும் அப்படி ஆனால் உடனே விட்டுவிட்டு, எழுந்து நடந்தபடி அறையில் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடி உடல் முழுவதையும் கவனிக்கும் நீண்ட தியானங்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மனக்காயம் உள்ளவர்களில் சிலருக்கு அந்த அமைதியில்தான் காட்சிகள் மேலெழும். விடிகாலை விழிப்பு வந்தால் படுக்கையிலேயே போராடாமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து இதைச் செய்துபார்க்கலாம்.

உங்கள் கணவர் "இன்னும் எத்தனை நாள் இதையே பிடித்துக்கொண்டிருப்பாய்" என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயிலாகவே அவருக்கு விளக்கச் செய்யுங்கள். நீங்கள் விளக்க முயன்றால் அது மறுபடி வாக்குவாதமாகத்தான் முடியும் என்று கடிதத்தின் தொனியிலிருந்து தோன்றுகிறது.

முகாமில் இடத்தை உறுதிசெய்ய வார இறுதிவரைதான் அவகாசம் தந்திருக்கிறார்கள். "நான் இப்போது வரவில்லை" என்று ஒரே வரி எழுதிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதற்கும் "இது உங்கள் உடலின் எதிர்ப்பு" என்று விளக்கம் வந்தால், அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.